சரியாத்தான் இருக்கு

அந்த வீட்டுக் குளியலறைக் கதவுக்குக் கீழே ஒரு கோழி தலை குனியாமல் போய்வரலாம். நிலை ஒரு உயரம், கதவு ஒரு உயரம். அந்த இடைவெளியை மறைக்க மதினி ஒரு சாக்கைக் கிழித்து, வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அவள் குளிக்கும்போது முற்றத்தில் யார் காலடியாவது கேட்டால் உள்ளேயிருந்து இருமுவாள். அந்த இருமல்தான் கதவுக்குத் தாழ்ப்பாள்.

கதவைச் செய்தவர் அவள் வீட்டுக்காரர். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். கூடப் பிறந்தவர் இல்லை. கல்யாணமாகி நான் வில்லாபுரத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு. என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். அவருக்குச் சாமான் கிடங்கில் வேலை. கப்பலில் வரும் இயந்திரங்களைப் பெரிய மரப்பெட்டிகளில் கொண்டுவந்து இறக்குவார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு பலகையை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம். அநேகமாக அவர் ஒருவர்தான் எடுத்துப் போவார். சாயங்காலம் தோளில் பலகையோடு அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் மதினி என்னிடம், "ஏத்தா, இன்னைக்கு என்ன முளைக்கப் போகுதோ தெரியல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவர் தச்சர் இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் பிறந்து, மழை பொய்த்துப்போய் மதுரைக்கு வந்தவர். ரம்பத்தையும் உளியையும் எங்கே பிடிக்கக் கற்றாரோ, தெரியாது. அறுப்பது, இழைப்பது, ஆணி இறக்குவது எல்லாம் அவருக்கு நன்றாகவே வரும். அவர் இழைத்த பலகையில் கைக்குழந்தையைப் படுக்கவைக்கலாம். அளவு மட்டும் வராது.

அளக்கும்போது யாராவது பேசினால் தப்பிவிடும். பேசாவிட்டாலும் தப்பிவிடும். சாணில் ஆரம்பித்து விரலில் முடிப்பார். அடிக்கோலை எடுத்தால் உள்பக்கத்தை அளந்துவிட்டு வெளிப்பக்கத்துக்கு அறுப்பார். பலகைக்கும் ஒரு கனம் உண்டு என்பது, எல்லாவற்றையும் சேர்த்து ஆணி அடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வரும். அப்போதும் முகம் வாடாது. இரண்டு எட்டுத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஒரு விரக்கடைதான? அதுல என்ன இருக்கு" என்பார். விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம். அவருக்கு அகலமான விரல்கள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்பார்.

"சரியாத்தான் இருக்கு" என்போம். மதினி முதலில் சொல்வாள். அவர்கள் மகன் தவசி அடுத்துச் சொல்வான். பிறகு நாங்கள்.

ஒரு தடவை கோழிக்கூடு செய்தார். மேலே ஓலை வேய்ந்து, முன்னால் கம்பி அடித்து, பார்க்க ஒரு குட்டிக் கோயில் மாதிரி இருந்தது. வாசலைத்தான் சின்னதாக வைத்துவிட்டார். தாய்க்கோழி தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. "குஞ்சுக்குத்தான கூடு, தாய்க்கு எதுக்கு?" என்று குஞ்சுகளை மட்டும் பிடித்து உள்ளே விட்டார். குஞ்சுகள் நன்றாகத் தின்று வளர்ந்தன. வளர்ந்தபின் ஒன்றாலும் வெளியே வர முடியவில்லை. அவர் மில்லுக்குப் போயிருந்த நேரம் மதினி பின்பக்கப் பலகையைப் பெயர்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பழையபடி ஆணி அடித்து வைத்தாள். நான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் அவர் வந்து முற்றத்தில் மேயும் கோழிகளைப் பார்த்தார். "பாத்தியா, அதுகளே வழி கண்டுபிடிச்சு வந்துருச்சு" என்றார். மதினி, "ஆமாங்க" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நான் புதுசாக வந்திருந்தபோது என் அடுப்படிக்கு ஒரு அலமாரி செய்து கொடுத்தார். மாடக்குழியின் முன்வாயை அளந்து செய்திருந்தார். மண்சுவர் உள்ளே போகப்போகக் குறுகும் என்று அவர் பார்க்கவில்லை. பாதி அலமாரி உள்ளே போய், பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் குனிந்து நிமிரும்போதெல்லாம் தலையில் இடித்தது. எனக்கு அப்போது வாய் கொஞ்சம் துடுக்கு. "அண்ணே, இது..." என்று ஆரம்பித்தேன். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நல்லா இருக்குண்ணே" என்று முடித்தேன்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு தொட்டில் செஞ்சாரு. தவசி வயித்துல இருந்தான். தொட்டில் கோணையா இருந்துச்சு. கோணையா இருக்கேன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. திட்டவும் இல்ல. கோடாலியை எடுத்து அம்புட்டையும் வெறகாக் கீறிட்டாரு. அப்புறம் உக்காந்தாரு பாரு, செவுரப் பாத்து. சோறும் இல்ல, பேச்சும் இல்ல. எனக்குப் பயமாப் போச்சுத்தா. அவுக அப்பா சின்னதுல இருந்தே எதுக்கும் லாயக்கில்லாத பய, எதுக்கும் லாயக்கில்லாத பயன்னே கூப்பிட்டிருக்காரு. நானும் அதையே சொல்லிட்ட மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். மரந்தான, ஒரு விரக்கடை கூடக்கொறைய இருந்தா என்ன, நாம கொஞ்சம் குனிஞ்சுக்கிருவோம்னு."

அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் குனிந்துகொண்டார்கள். தவசி படிப்பதற்கு அவர் செய்த மேசை அவன் கழுத்துக்கு இருந்ததாம். அவன் நின்றுகொண்டே எழுதிப் பழகினானாம். வீட்டில் எந்தப் பெட்டியின் மூடியை எப்படிச் சாய்த்துத் திறக்க வேண்டும், எந்த முக்காலியில் எந்தப் பக்கம் பாரம் போட்டு உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் உடம்புக்கே தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. ஒவ்வொரு சாமானும் சரியாக அமைந்துவிட்ட வீட்டில்தான் தான் வாழ்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மில்லில் வேலை முடிந்து வருகிற ஆண்களில் பலர் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வருவார்கள். அவர் நேரே வீட்டுக்கு வந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ரம்பத்தூளை ஊதி ஊதி வேலை செய்வார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வராது.

சண்டை நடந்த வருஷங்களில் தவசி பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்தான். பர்மாப் பக்கம் ஒரு மலைப்பாதையில் லாரி உருண்டுவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த கொஞ்ச நாளிலேயே, கக்கத்தில் ஒரு கட்டையைக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பினார்கள். வடக்கே மரக்கால் செய்து பொருத்துகிற இடம் இருக்கிறது, முறை வரும்போது கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்களாம்.

மகனைப் பார்த்து மதினி அழுதாள். அண்ணே அழவில்லை. முற்றத்தில் அவனை உட்காரவைத்து, வேட்டியை விலக்கி, எடுத்த காலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எவனோ ஊர் பேர் தெரியாதவன் அளந்து செய்யவா? எம் மகன் காலு எனக்குத் தெரியாதா? நான் செய்றேன்டா."

தவசி அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செய்யுங்கய்யா" என்றான். அவன் தகப்பனை அய்யா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த ஒரு வேலையில்தான் அவர் வேறு ஆளாக இருந்தார். பெட்டிப் பலகையைத் தொடவில்லை. நல்ல பூவரசங்கட்டை வாங்கி வந்தார். சாண் இல்லை, விரல் இல்லை. கடைவீதித் தையல்காரர் ஒருவரிடம் கெஞ்சி நாடா வாங்கி வந்தார். நல்ல காலையும் எடுத்த காலையும் அளந்து, என்னைப் பக்கத்தில் நிற்கச்சொல்லி, "தாயி, நீயும் ஒருவாட்டி பாத்துச் சொல்லு" என்றார். நான் எண்ணைச் சொன்னதும் தானும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் எழுந்ததும் மறுபடி அளந்தார். நாடா சுருங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஒரு கயிற்றாலும் அளந்தார். கட்டையின் மேல்பகுதியைக் கிண்ணம் மாதிரிக் குடைந்து, உள்ளே தவசியின் கால் பொருந்துகிறதா என்று மாவு தடவிப் பார்த்து, மாவு ஒட்டிய இடத்தைச் சீவி, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். மில்லில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டை அறுத்து வார் பூட்டினார்.

தவசி அதை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். ஒரு கை சுவரில் இருந்தது. பிறகு அதையும் எடுத்தான்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"சரியா இருக்குய்யா. நெசமாவே சரியா இருக்கு."

அன்றைக்கு அது நிஜம். ஆடாமல் அசையாமல் அவன் காலோடு பிறந்தது போல இருந்தது. கிணற்றைச் சுற்றி நடந்து வந்தான். மதினி வீட்டுக்குள் ஓடி, பட்டாளத்தில் கொடுத்த கக்கக்கட்டையை எடுத்து வந்து, இரண்டாக உடைத்து அடுப்பில் வைத்தாள். இனி அது இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு நல்லது ஒவ்வொன்றாக நடந்தது. மில் வாசலில் காவலுக்கு ஆள் வேண்டும், இரண்டு காலில் நிற்க முடிந்தால் வரச்சொல் என்றார்கள். தவசி போய் நின்றான். பரவையிலிருந்து அவன் தாய்மாமன் வந்தார். சந்தையில் காய்கறி ஏவாரம் செய்கிறவர். தன் மகளைத் தவசிக்கு என்று பேசி வைத்திருந்தவர், கால் போன செய்தி வந்ததிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தார். வந்து காப்பியைக் குடித்துவிட்டு, சந்தையில் மாடு வாங்க வந்தவர் போல, "மருமகனே, எங்க, கொஞ்சம் நடங்க பாப்போம்" என்றார்.

தவசி வீட்டுப் படியிலிருந்து தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தான். மீசைக்கு மேலே வேர்வை முத்துமுத்தாக நின்றது. சிரித்துக்கொண்டிருந்தான். வெயில்தான் காரணம் என்று நான் நினைத்தேன்.

"வைகாசில வச்சுக்கிருவோம் மச்சான்" என்றார் மாமன், அண்ணனைப் பார்த்து.

அண்ணே காதில் விழாதவர் போல நின்றார். அவர் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. தான் செய்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பூரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் மில் வாசலில் தவசி சரிந்து விழுந்தான். கிடங்கிலிருந்து அண்ணே ஓடினார். உடம்பு அனலாகக் கொதித்தது. காற்றுப் படட்டும் என்று யாரோ மரக்காலின் வாரை அவிழ்த்திருக்கிறார்கள். காலை உருவியதும் சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே துணியும் சதையும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததாம். குதிரைவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தொடையோடு எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள்.

மறுநாள் மதினிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வராந்தாவில் அவள் பக்கத்தில் அண்ணே அந்த மரக்காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போடாமல் கூடவே வைத்திருந்தார். டாக்டர் வந்தார். வயசானவர், நிதானமானவர்.

"இதை யாரு செஞ்சது?"

அண்ணே எழுந்து நின்றார். "நான்தாங்கய்யா. அளவு தப்பாப் போச்சுங்களா?"

டாக்டர் அதை வாங்கி, குடைந்த இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"எப்ப அளவெடுத்தீங்க?"

"பட்டாளத்துல இருந்து வந்த கொஞ்ச நாள்லங்க."

"அப்ப கால்ல வீக்கம் இருந்திருக்கும். வீக்கம் வத்த வத்தக் காலு சிறுத்துக்கிட்டே வரும். இது லொடலொடன்னு ஆடி, தேய்ச்சுப் புண்ணாக்கிருச்சு. நீங்க அளந்ததுல தப்பு இல்லை."

"தப்பு இல்லீங்களா?"

"இல்லை. வேலை நல்ல வேலைதான். உள்ள ரெண்டு மடிப்புத் துணி கூட வச்சு, அப்பப்ப இறுக்கிக் குடுத்திருந்தாப் போதும். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே கழட்டிப் போட்டிருப்பீங்க. அவன் சொல்லவே இல்லையா?"

டாக்டர் மரக்காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணே மெதுவாக மதினி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

மதினி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள். "மாசிலயே தெரியும். துணி நெறைய ரத்தத்தோட குடுப்பான். விடியமுன்ன தொவச்சுக் காயப்போட்டுருவேன். மஞ்சப்பத்து போட்டேன். ஆறிரும்னு சொன்னான்."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க அம்புட்டுச் சந்தோஷமா இருந்தீங்க" என்றாள்.

அவர் கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். புரிந்துவிட்டது என்பதுபோல. மகன் கால் மட்டுமில்லை, அத்தனை வருஷமும் அந்த வீட்டில் நடந்தது எல்லாமே அந்த வராந்தாவில் அவருக்குப் புரிந்துவிட்டது.

பின்னால் ஒரு நாள் தவசி என்னிடம் சொன்னான். "அத்தை, எப்பவும்போல ஒரு விரக்கடை தப்பாத்தான் போச்சுன்னு நெனச்சேன். மொதல்ல சரியா இருந்த மாதிரி எனக்குத்தான் தோணியிருக்குன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் பழகுன மாதிரி இதுக்கும் பழகிக்கிரலாம்னு பாத்தேன்."

வைகாசியில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. மாமன் சொல்லியனுப்பக்கூட இல்லை. மதினிக்கு அண்ணன் வீட்டுப் போக்குவரத்து அதோடு நின்றது. மில் வாசலில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணே மதினியிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். சோறு போடு, தண்ணி வை, அவ்வளவுதான். எதையும் எப்படி இருக்கு என்று கேட்பதை விட்டுவிட்டார். பலகை கொண்டுவருவதும் நின்றுபோனது.

தவசிக்குக் கக்கக்கட்டை வேண்டியிருந்தது. பழையதை எரித்தாயிற்று. அண்ணே தானே போய் கீழவாசல் பக்கமிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தார். ஆசாரி தவசியைச் சுவரோரம் நிறுத்திவைத்துக் கோலை நீட்டினார். கீழ்நுனியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் ஆசாரி.

அண்ணே கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரும்பவில்லை. ஆசாரி மறுபடி கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போய்ப் பிடித்துக்கொண்டார்.

கட்டைகள் நன்றாகவே வந்தன. மேலே துணி சுற்றி, கைப்பிடி வைத்து, உயரம் கச்சிதமாக இருந்தது. தவசி இரண்டு கக்கத்திலும் வைத்துக்கொண்டு முற்றத்தில் போய்வந்தான். "நல்லா இருக்கு ஆசாரி" என்றான். ஆசாரி கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணே கிணற்றடியிலிருந்து மகனிடம் வந்தார். "சட்டையைக் கழட்டு" என்றார்.

"எதுக்குய்யா?"

"கழட்டுடா."

அவன் கழற்றினான். அவன் கையைத் தூக்கிப்பிடித்து, கக்கத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தி, அவன் முகம் சுளிக்கிறதா என்று பார்த்தார். அடுத்த கையையும் தூக்கிப் பார்த்தார்.

"வலிக்கலய்யா. சத்தியமா வலிக்கல" என்றான் தவசி.

அவர் காதில் அது ஏறவில்லை. மறுபடி அழுத்திப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தினமும் மில்லிலிருந்து வந்ததும் அதுதான் அவர் வேலை. காதில் பென்சில் இல்லை, கையில் உளி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மகனிடம் போவார். மதினி அடுப்படிக்குள் போய்விடுவாள். முதலில் கொஞ்ச காலம் தவசி சத்தியம் பண்ணிப் பார்த்தான், கோபப்பட்டான், ஒருநாள் அழுதான். தான் சொல்வதை இனி இந்த மனிதர் நம்பப்போவதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டான்.

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை மாறி நாங்கள் வில்லாபுரத்தை விட்டுப் புறப்பட்ட அன்று, சொல்லிக்கொண்டு போக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணே அப்போதுதான் வேலையிலிருந்து வந்து படியேறினார். "வாரேண்ணே" என்றேன். "போய்ட்டு வா தாயி" என்றார். அதற்குள் தவசி சுவரில் சாய்ந்து, சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தான்.